தலைக்கட்டு வரியும் தொழில்நுட்ப மாநாடும்

தன்னார்வலர்கள் கூடி ஒரு தொழில்நுட்ப மாநாட்டுக்குத் திட்டமிடும்போது முதல் கூட்டத்திலேயே இரண்டு கேள்விகள் எழுகின்றன. யாரைப் பேச அழைப்பது? எந்த நிறுவனத்திடம் பணம் கேட்பது? இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதி மாநாடு முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். அரங்கம், சாப்பாடு, மைக் செட், வெளியூர்க்காரர்களுக்குத் தங்குமிடம், ஒளிப்பதிவு, கழிப்பறைக்குத் தண்ணீர் என்று மீதமுள்ள எல்லாமே 'ஏற்பாடு' என்ற தலைப்பின் கீழ் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஏற்பாடு என்பது மாநாட்டின் பொருளுக்கு வெளியே நிற்பது, காசு கொடுத்தால் யாரும் செய்து தந்துவிடக்கூடியது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அந்த நினைப்பு தவறு என்று கருதுகிறேன். ஒரு மாநாட்டை யார் தாங்குகிறார்களோ அவர்களுடைய கேள்விகளே அதன் மேடையில் ஏறுகின்றன. நிறுவனங்கள் தாங்கும் மாநாட்டில் பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று கொடைக்குப் படிநிலை வைக்கிறார்கள். மேல்படியில் இருப்பவருக்கு வாசலில் கடை, காலையில் ஒரு பேச்சு, சில இடங்களில் வந்தவர்களின் முகவரிப் பட்டியல். அங்கே எழும் கேள்விகள் ஆளெடுப்பையும் விற்பனையையும் ஒட்டியே இருப்பதில் வியப்பில்லை. இதை ஒழுக்கக் குறையாக நான் சொல்லவில்லை. தாங்கும் கைக்கும் பேசும் வாய்க்கும் உள்ள உறவு எங்கும் இப்படித்தான் இருந்துவந்திருக்கிறது. ஆகவே ஒரு சமூகம் தன் கேள்விகளைத் தானே கேட்டுக்கொள்ள விரும்பினால், மாநாட்டின் சுமையையும் அதுவே ஏற்க வேண்டும். பூம்புகாரை முன்வைத்து இதைப் பேசுவதற்குக் காரணங்கள் உண்டு.

ஊர் கூடி விழா எடுப்பதைப் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய சித்திரங்களுள் விரிவான ஒன்று அந்த நகரத்தைப் பற்றியது. மணிமேகலையின் முதல் பகுதியான விழாவறை காதை, இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவுக்கு நாள் குறித்து அறிவிப்பதைச் சொல்கிறது. காப்பியத்தின் அழகுக்காக அதைப் படித்திருப்போம். ஒரு திட்டக்குழுவின் தீர்மானமாகப் படித்தால் வேறு சில விஷயங்கள் கண்ணில் படும். முதலில் கூடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். அரசனின் ஆலோசனைக் குழுக்களோடு பல சமயங்களின் வாதிகள், காலத்தைக் கணிப்பவர்கள், வேறு வேறு மொழி பேசும் அயல்நாட்டார் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். விழாவுக்கு விருந்தினராக வரப்போகிறவர்கள், அதைத் தீர்மானிக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு யானை மேல் முரசேற்றி அறிவிக்கப்படும் செய்தியில் பெரும்பகுதி வேலைப் பட்டியல். தெருக்களில் தோரணம் கட்டுவது, வாழையும் கமுகும் கரும்பும் நடுவது, பழைய மணலை அள்ளிப் புது மணல் பரப்புவது, பெரிய கோயிலிலிருந்து நாற்சந்திப் பூதம்வரை அததற்குரிய சடங்குகளைச் செய்வது. அறம் சொல்பவர்கள் பந்தலிலும் பொதுவிடத்திலும் உட்கார வேண்டிய இடம் சொல்லப்படுகிறது. வாதம் செய்பவர்கள் ஏற வேண்டிய பட்டிமண்டபம் சொல்லப்படுகிறது. பகை கொண்டவர்களிடம் சினந்து மோதாமல் விலகிப் போக வேண்டும் என்ற நடத்தை விதியும் சொல்லப்படுகிறது. இன்றைய மாநாடுகள் நுழைவாயிலில் ஒட்டிவைக்கும் நன்னடத்தை விதிகளின் சாரம் அதில் இருக்கிறது. ஆனால் யார் பேசப்போகிறார்கள் என்று ஒரு பெயர்கூட அந்த அறிவிப்பில் இல்லை. இடத்தையும் விதியையும் உழைப்பையும் ஊர் ஒழுங்குசெய்துவிட்டால் பேச்சு தானே வந்து சேரும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது.

இது இலக்கியம், வரலாற்று ஆவணம் அன்று என்று சொல்லலாம், சரிதான். பூம்புகாரின் கீழையூரில் தொல்லியல் துறை கண்டெடுத்த செங்கல் படகுத்துறையும் பல்லவனீச்சரத்துப் புத்த விகாரையும் அங்கே ஒரு துறைமுக வாழ்வு இருந்ததைச் சொல்லும். விழாக்குழு எப்படிக் கூடியது என்பதைச் சொல்லாது. அது அரசனின் முரசு, மக்களின் முரசு இல்லை என்றும் சொல்லலாம். இந்த மறுப்பைக் காப்பியமே ஏற்றுக்கொள்வதுபோல் தோன்றுகிறது. மகனைப் பறிகொடுத்த துயரத்தில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்துவிட, அதனால் நகரைக் கடல் கொண்டது என்பது பின்னால் வரும் கதை. ஊரே சேர்ந்து செய்த வேலை ஒரு மனிதனின் நினைவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மனம் உடைந்தபோது அதுவும் அறுந்தது. மணிமேகலையை எழுதிய சாத்தனார் இதைத் தெய்வக் குற்றமாகச் சொல்கிறார். அமைப்பை நடத்திப் பார்த்தவர்களுக்கு இது வேறு வகையில் பழக்கமான துயரம். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

அரசனை நம்பாத இன்னொரு முறை அதே கரையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் மாரியம்மன் திருவிழா என்றால் ஊர்ப் பஞ்சாயத்து கூடித் தலைக்கட்டு வரி போடும். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று தொகை முடிவாகும். வசதி உள்ளவர் அதற்கு மேல் நன்கொடை எழுதலாம். வரி என்பது எல்லாருக்கும் ஒன்றே. ஊர்ப் பெரியவர் ஒருவர் நீளமான கணக்கு நோட்டில் பெயர்களை வரிசையாக எழுதி, கட்டியவருக்கு எதிரே தொகையும் கட்டாதவருக்கு எதிரே வெற்றிடமுமாக வைத்திருப்பார். திருவிழா முடிந்து கொடி இறங்கிய பிறகு ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும். பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, பட்டாசுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாசிக்கும்போது யாரும் குறுக்கிட்டுக் கேட்கலாம். கேட்கும் தைரியம் எங்கிருந்து வருகிறது? கட்டிய வரியிலிருந்து வருகிறது. தஞ்சைப் பகுதிக் கோயில்களில் இதன் இன்னொரு வடிவமாக மண்டகப்படி உண்டு: பத்து நாள் உற்சவத்தில் ஒவ்வொரு நாளின் செலவையும் வேலையையும் ஒவ்வொரு தரப்பு ஏற்றுக்கொள்வது. ஒருவர் மொத்தத்தையும் தந்து மொத்தத்துக்கும் முதலாளியாகிவிடாதபடி சுமையைத் துண்டு போட்டுவிடும் முறை அது. பிளாட்டினம், தங்கம் என்ற ஏணிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, தொகையின் அளவைப் பற்றியதே இல்லை. ஏணியில் கூடுதல் பணத்துக்குக் கூடுதல் குரல் கிடைக்கிறது. தலைக்கட்டில் எல்லாரும் ஒரே தொகை கட்டுவதால் எல்லாருக்கும் ஒரே குரல்.

தமிழ்க் கணினி உலகின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் என் வாதத்துக்கு நல்ல சான்று கிடைக்கிறது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய கூட்டத்திலிருந்து தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை தொடங்குகிறது. 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் இரண்டாவதை நடத்தியது. அதன் பலனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. டாம், டாப் என்ற எழுத்துக் குறியேற்றங்கள் வந்தன. 2000இல் சிங்கப்பூரில் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து உத்தமம் என்ற அமைப்பை உருவாக்கி, அடுத்தடுத்த மாநாடுகளை அதன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். கோலாலம்பூர், கலிஃபோர்னியா, ஜெர்மனியின் கொலோன் என்று ஊர் ஊராகப் போன இந்த மாநாடு 2010இல் செம்மொழி மாநாட்டோடு சேர்ந்து கோவையில் நடந்தது. அந்த ஜூன் மாதத்தில்தான் யூனிகோடையும் டேஸ்16ஐயும் எழுத்துக் குறியேற்றத் தரமாக ஏற்கும் அரசாணை வந்தது. 2012 டிசம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 2022 டிசம்பரில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் கூடியது. பூம்புகாருக்கு இதைவிட நெருக்கமாக அது வந்ததில்லை. விளைவுகளை விருந்தோம்பியவர்களோடு பொருத்திப் பாருங்கள். அரசு தாங்கிய ஆண்டுகளில் தரநிர்ணயங்களும் ஆணைகளும் பிறந்தன. எதைத் தரமாக ஏற்று எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புவது என்பது அரசின் இயல்பான கேள்வி. பல்கலைக்கழகங்கள் தாங்கிய ஆண்டுகளில் ஆய்வுக் கட்டுரைகளும் மாநாட்டு மலர்களும் பிறந்தன. கட்டுரை வாசித்ததற்குச் சான்றிதழ் என்பது பல்கலைக்கழகத்தின் இயல்பான தேவை. இரண்டும் நமக்கு வேண்டியவையே. தமிழ்99 இல்லாவிட்டால் இன்று கைப்பேசியில் தமிழ் தட்டும் பலருக்கு விரல் ஓடாது. ஆனால் நெல் கொள்முதல் நிலையத்தில் இணையப் பதிவுக்காகச் சிட்டாவும் அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் உழவரின் கேள்வி, இந்த இரு வகை மாநாடுகளிலும் மேடையேற வழியே இல்லை. அவர் எந்தப் பங்கையும் தாங்கவில்லை. யாரும் அவரைத் தாங்கச் சொல்லவும் இல்லை.

சமூகமே தாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 ஜனவரி 28, 29 நாட்களில் விழுப்புரத்தில் நடந்த மினி டெப்கான்ஃப் ஓர் உதாரணம். டெபியன் என்பது 1993இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களாலேயே உருவாக்கப்படும் இயங்குதளம். அதன் உலக மாநாடான டெப்கான்ஃப் 2000இல் ஃபிரான்சின் போர்தோ நகரில் தொடங்கியது. 2023 செப்டம்பரில் கொச்சிக்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கூட்டத்தை நடத்த முன்வந்தது சென்னையோ கோவையோ இல்லை. விழுப்புரத்துக் கட்டற்ற மென்பொருள் குழு. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றி நிரல் எழுதக் கற்றுத்தரும் குழு அது. அப்படிப்பட்டவர்கள் நடத்தும்போது, கல்லூரிக்கு முதல் தலைமுறையாக வந்த ஒரு பெண் லினக்ஸ் நிறுவுவது எப்படி என்று தமிழில் கேட்பது மாநாட்டின் ஓரத்தில் நடக்கும் உதவியாக இருக்காது. மாநாடே அதற்காகத்தான் என்றாகிவிடும். இன்னொன்றையும் இத்தகைய மாநாடுகளில் பார்க்க வேண்டும். ஒளிப்பதிவு மேசையில் ஒருவர் கேமராவைத் திருப்பிக்கொண்டிருப்பார்; பக்கத்தில் ஒருவர் காதில் ஹெட்போனோடு ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பார்; முன்வரிசையில் ஒருவர் மடியில் அட்டைகளை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று பேச்சாளருக்குத் தூக்கிக் காட்டுவார். அடுத்த அமர்வில் அட்டை பிடித்தவர் மேடையில் நின்று பேசுவார். சற்று முன் பேசியவர் கேமராவுக்குப் போவார். பேசுபவருக்கும் சுமப்பவருக்கும் இடையே நிரந்தரக் கோடு விழாமல் இந்தச் சுழற்சி பார்த்துக்கொள்கிறது.

டெப்கான்ஃபும் நிறுவனங்களிடம் பணம் வாங்குகிறது, அங்கும் படிநிலைகள் உண்டு, அப்படியென்றால் உன் வாதம் என்ன ஆனது என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. என் விடை இது: பணம் சுமையின் ஒரு பகுதிதான். எந்தப் பேச்சு வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிப்பதும், உடலால் உழைப்பதும், கணக்கை எல்லார் முன்னும் வைப்பதும் மற்ற பகுதிகள். டெப்கான்ஃபில் பேச்சுகளைத் தேர்ந்தெடுப்பது தன்னார்வலர் குழு. வேலைகளைச் செய்வதும் அவர்களே. இந்த மூன்றும் சமூகத்தின் கையில் இருக்கும்வரை நிறுவனத்தின் பணம் தீங்கு செய்யாமல் அடங்கிக் கிடக்கும். நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்துவிட்டு, நிரலில் பாதியைக் கொடையாளருக்கு விட்டுவிட்டு, பெயரில் மட்டும் 'சமூகம்' என்று வைத்துக்கொண்டால், பணம் எவ்வளவு குறைவாக வந்திருந்தாலும் அது வேறொருவருடைய மாநாடு. ஆகவே நிறுவனத்திடம் வாங்கலாம். ஊர் வரிக்கு மேல் எழுதும் நன்கொடையாக மட்டும் வாங்கலாம்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று இருக்கிறது. தலைக்கட்டும் மண்டகப்படியும் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அவை சாதியின் ஏற்பாடுகள். யாருக்கு மண்டகப்படி உண்டு, யாருக்கு இல்லை என்பதில் தமிழ்நாட்டில் ரத்தம் சிந்தியிருக்கிறது. தேர் வடத்தில் யார் கை வைக்கலாம் என்று நீதிமன்றம்வரை போயிருக்கிறோம். தலைக்கட்டு என்று எண்ணும்போதே பல ஊர்களில் மணமான ஆண்தான் எண்ணப்படுகிறான், கணவனை இழந்தவள் கணக்கிலும் இல்லை, கூட்டத்திலும் இல்லை. இதில் ஒரு சொல்லையும் மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது. நான் சொன்னதன் மறுபக்கம் இது: தாங்குபவருக்கே குரல் என்றால், தாங்கும் உரிமையை மறுப்பது குரலை மறுப்பதாகும். சாதி அதை நன்றாகவே தெரிந்துவைத்திருந்தது.

திருவையாற்றின் கதையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1847இல் மறைந்த இசைமேதை தியாகராஜருக்கு அங்கே நடக்கும் ஆராதனை, காசு வாங்காமல் கலைஞர்கள் வந்து பாடும் விழா. காவிரிக் கரையின் இந்த நெல் நாட்டில் கலைஞர் சமூகம் தானே நடத்திக்கொண்ட மிகப் பெரிய கூடுகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை யார் நடத்துவது என்பதில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளவு வந்தது. இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. 1920களில் தன் சொந்தச் சேமிப்பில் அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். கட்டடத்தின் சுமையை அவர் ஏற்றார். பாடும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் மனுப் போட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பெண்களைத் திரட்டி மூன்றாவது கட்சியாகத் தனி ஆராதனையே நடத்தத் தொடங்கினார். 1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றானபோது பெண்களுக்கும் அங்கே இடம் உறுதியானது. மேடையில் இடம் கேட்பதைக் காட்டிலும் விழாவை எடுத்து நடத்துவது வலுவான வாதம் என்பதை அவர் செய்து காட்டினார். தொழில்நுட்ப மாநாடுகளில் 'பெண் பேச்சாளர்கள் கிடைக்கவில்லை' என்று கைவிரிக்கும் குழுக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் குழுவில் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான். நிரல் தீர்மானிக்கும் கூட்டத்திலும் வரி வசூலிலும் பாதிப் பெண்கள் இருந்தால் மேடைக்குத் தேடி அலைய வேண்டியிருக்காது.

பழைய முறையின் பகிர்வை எடுத்துக்கொண்டு அதன் விலக்கை விட்டுவிட முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. முடிந்த இடம் ஒன்று உண்டு. 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களை அமைத்தபோது, இடத்தை ஊர் தர வேண்டும், நடத்தும் பொறுப்பில் ஊர் பங்கேற்க வேண்டும், எந்தச் சாதியாரும் தடையின்றி உள்ளே வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. எம்பலத்தில் ஊர் கொடுத்த இடம் கோயிலைச் சேர்ந்தது. கணினிக்காக அந்த இடத்துக்குள் தலித்துகள் வந்தார்கள். மாதவிடாய்க் காலத்திலும் பெண்கள் வந்தார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை மைய ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரைக் காலி செய்ய முடிந்தது. அன்று மைக்கைப் பிடித்தவர்கள் ஊர்க்காரர்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. இணையம் இன்று ஒவ்வொரு சட்டைப்பைக்கும் வந்துவிட்டது, ஆனால் அந்த மையங்களுக்கு வைத்த நிபந்தனை வழக்கொழிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

களைப்பைப் பற்றியும் பேச வேண்டும். சம்பளமில்லா உழைப்பில் நடக்கும் மாநாடு ஐந்தாறு பேர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவர்களுக்குக் கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் வந்தால் நின்றுபோகும். பெங்களூரில் 2001இல் தொடங்கிப் பின்னர் ஃபாஸ்.இன் என்று பெயர் பெற்ற மாநாடு, ஆசியாவின் பெரிய கட்டற்ற மென்பொருள் கூடுகைகளில் ஒன்றாக வளர்ந்தும், 2012க்குப் பிறகு நடக்கவில்லை. மறுபக்கம், 1998 ஜனவரியில் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதம் ஒருமுறை கூடும் எளிய வழக்கத்தாலேயே தலைமுறை கடந்து வந்திருக்கிறது. துயரத்தில் மறந்த சோழனின் கதை இங்கே பொருந்துகிறது: சுமை ஓரிடத்தில் குவிந்தால் விழா அந்த ஓரிடத்தோடு சாகும். மண்டகப்படியின் நுட்பம் இதற்குத்தான். சாப்பாடு ஒரு ஊருக்கு, தங்குமிடம் இன்னொரு ஊருக்கு, ஒளிப்பதிவு ஒரு கல்லூரிக்கு, கணக்கு ஒரு மகளிர் குழுவுக்கு என்று பிரித்து, அடுத்த ஆண்டு மாற்றிவிட வேண்டும். பரம்பரை உரிமை என்று எதுவும் யாருக்கும் ஆகிவிடக்கூடாது. நிரந்தரத் தலைவர் வேண்டாம். நிரந்தர நோட்டு வேண்டும்.

இத்தனையும் சரி, ஏன் பூம்புகார்? நட்சத்திர விடுதி இல்லை, விமான நிலையம் இல்லை, மயிலாடுதுறையிலோ சீர்காழியிலோ ரயிலை விட்டிறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். உண்மைதான். ஆனால் அங்கே இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். மேலையூரில் அறநிலையத் துறையின் கீழ் இயங்கும் பூம்புகார் கல்லூரி இருக்கிறது. சுவாமிநாதன் நிறுவனத்தின் 'அனைவருக்கும் மீன்' பயிற்சி மையம் இருக்கிறது. அந்த நிறுவனம் குவால்காமோடும் ஹைதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸோடும் சேர்ந்து உருவாக்கிய மீனவர் நண்பன் செயலி காற்றின் வேகம், அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி, பன்னாட்டு எல்லைக்கோடு ஆகியவற்றைத் தமிழில் சொல்கிறது. கைப்பேசித் தொழில்நுட்பத்தை உயிரைப் பணயம் வைத்துப் பயன்படுத்தும் ஆட்கள் கூட்டமாக இருக்கும் இடம் அது. செயலி சொன்ன காற்றும் கடலில் அடித்த காற்றும் எப்போது ஒத்துப்போகவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றையும் நீவாடு என்று நீரோட்டத்தையும் நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கும் அறிவு, வரைபடத்தில் அம்புக்குறி போடுகிறவரின் மேசைக்கு இன்னும் வந்து சேர வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருட்களுக்காக மொசில்லாவின் காமன் வாய்ஸ் போன்ற திட்டங்களில் தமிழர்கள் குரல்கொடை தருகிறார்கள். தருகிறவர் பெரும்பாலும் கணினியோடு பழகியவர் என்றால், ஏலக்கரையில் மீன் விலை கூவும் பெண்ணின் பேச்சு அந்த மென்பொருளுக்குக் கடைசிவரை புரியாது. அவரைச் சென்னையின் ஓ.எம்.ஆருக்கு அழைத்து வருவதைவிட நாம் அவர் ஊருக்குப் போவது எளிது. போனால் விருந்தாளியாகப் போக வேண்டும். வரி கட்டிவிட்டுப் போக வேண்டும்.

சிறிதாகத் தொடங்கலாம். ஆயிரம் பேர் வேண்டாம், ஒரு பள்ளிக்கூடம் கொள்ளும் அளவு போதும். அரசுப் பள்ளிகளில் வந்திருக்கும் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளும் வகுப்பறைகளும் விடுமுறையில் சும்மா இருக்கின்றன. கேட்டால் கிடைக்கும், கேட்க வேண்டியவர்கள் வெளியூர் நிபுணர்கள் இல்லை, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள். முதல் நாளை உள்ளூர்க் கேள்விகளுக்கு விட்டுவிட வேண்டும்: உழவர், மீனவர், மீன் விற்கும் பெண்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பம் நிரப்பும் இளைஞர்கள் பேசட்டும், நிரலாளர்கள் குறிப்பெடுக்கட்டும். இரண்டாம் நாள் கேள்விகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்யட்டும். முடிந்ததும் வரவு செலவை உரக்க வாசிக்க வேண்டும். முடிந்த வேலை எது, முடியாத வேலை எது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

நாள் குறிப்பதில்கூட யார் தாங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். நகரத்து மாநாடுகள் பெரும்பாலும் ஜூலையிலிருந்து ஜனவரிவரை நடக்கின்றன. காவிரி டெல்டாவில் அது குறுவை அறுப்பும் சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அடுத்தடுத்து வரும் காலம். ஊர்க்காரர் யாருக்கும் கை ஒழியாது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும், வலைப் பழுது பார்க்கும் வேலை மட்டுமே இருக்கும். சம்பா அறுவடை முடிந்திருக்கும்; மேட்டூர் அணை திறக்க வழக்கமான ஜூன் 12 வரை வயலில் அவசரம் இல்லை. மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடும், ஆகவே அதற்கு முன்பு. ஏப்ரல் கடைசி வாரத்தில் பள்ளிகள் விடுமுறை விட்டதும் வரும் சனி, ஞாயிறு சரியாக இருக்கும். மயிலாடுதுறை, சீர்காழி, கும்பகோணம், தஞ்சாவூர்க் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்களும், அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் நிரல் எழுதிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்தால், பேச்சாளர் பட்டியலைத் தயாரிக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைத் தீர்மானித்து, முதல் பக்கத்தில் உங்கள் பெயர்களை எழுதிப் பணத்தைக் கட்டிவிட்டு, அந்த நோட்டோடு பூம்புகார் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பாருங்கள்.